வங்கிக் கணக்கு திடீரென முடங்கினால் என்ன செய்வது?

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கிய பலர், முதல் மாதத்திலேயே நெட் பேங்கிங்கைப் பழகிவிடுகிறார்கள். கரண்ட் பில், போன் பில், ரயில் டிக்கெட் என எல்லாம் வீட்டிலிருந்தே முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு நாள் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் உள்ளே போக முடிவதில்லை. 'கிளையை அணுகவும்' என்ற ஒரு வரி மட்டும் திரையில் நிற்கிறது. ஏ.டி.எம். கார்டும் வேலை செய்யவில்லை. கிளைக்குப் போனால், "சிஸ்டத்தில் பிளாக் ஆகியிருக்கிறது, காரணம் எங்களுக்கே தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

நான் சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அதனால் உறவினர்களுக்கு இப்படி நடந்தால், "கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, என்னவென்று பார்" என்று முதலில் எனக்குத்தான் போன் வரும். பெரும்பாலும் இது கோளாறாக இருப்பதில்லை. வங்கியின் மென்பொருளில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு 'நிலை' பதிவாகி இருக்கும். யாரோ ஒருவர் போட்ட உத்தரவாலோ, ஏதோ ஒரு விதியாலோ அந்த நிலை மாறியிருக்கிறது. எந்த நிலைக்கு மாறியது, யாரால் மாறியது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதை எப்படித் தெரிந்துகொள்வது, பிறகு யாரிடம் போவது என்று பார்க்கலாம்.

முதலில், வந்த செய்தி உண்மையா?

'இன்று இரவுக்குள் உங்கள் கணக்கு முடக்கப்படும். கே.ஒய்.சி. புதுப்பிக்க இங்கே கிளிக் செய்யவும்' என்று எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப், மின்னஞ்சல் எதில் வந்தாலும் அந்த லிங்கைத் தொடாதீர்கள். இது மோசடிக்காரர்களின் பழைய உத்தி. லிங்கில் வரும் பக்கம் உங்கள் வங்கியின் பக்கம் போலவே இருக்கும். சில லிங்குகள் செல்போனில் ஒரு அப்ளிகேஷனை இறக்கி, உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எண்களை அவர்களுக்கு அனுப்பிவிடும்.

வங்கியின் முகவரியைப் பிரவுசரில் நீங்களே டைப் செய்யுங்கள். எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த முகவரி வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படும். வேறு யாரும் பணம் கட்டி வாங்க முடியாது. முகவரியைப் படிக்கும்போது முதல் சாய்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் இருக்கும் கடைசிப் பகுதிதான் முக்கியம். நடுவில் எங்கோ 'பேங்க்' என்று இருப்பதால் மட்டும் அது வங்கி ஆகிவிடாது.

நீங்களே டைப் செய்து போன பிறகும் கணக்கு திறக்கவில்லை, கிளையிலும் பிளாக் என்றுதான் சொல்கிறார்கள் என்றால் முடக்கம் உண்மைதான். இனி அது எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

முடக்கத்தில் நான்கு வகை

'அக்கவுண்ட் குளோஸ் ஆகிவிட்டது' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நான்கு வெவ்வேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

1. செயலற்ற கணக்கு: இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்களாக எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் கணக்கு இந்த நிலைக்குப் போகும். வங்கி தானாகப் போடும் வட்டி நீங்கள் செய்த வரவு செலவாகக் கருதப்படாது. உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது. இப்படிப்பட்ட கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதமும் பிடிக்கக் கூடாது. இந்த விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பத்து ஆண்டுகள் அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். அப்போதும் அது உங்கள் பணம்தான். வங்கி மூலம் கேட்டுத் திரும்பப் பெறலாம்.

2. கே.ஒய்.சி. முடக்கம்: அடையாள, முகவரி விவரங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வங்கி உங்களை எந்த ஆபத்துப் பிரிவில் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து இது 2, 8 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். ஆவணங்களைக் கொடுத்தால் தீர்ந்துவிடும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி செய்த திருத்தத்தின்படி, கெடு தேதிக்கு முன் மூன்று முறையாவது வங்கி தகவல் சொல்ல வேண்டும். அதில் ஒன்றாவது தபால் கடிதமாக இருக்க வேண்டும். நீங்கள் வீடு மாறி, பழைய முகவரியே வங்கியில் இருந்தால் அந்தக் கடிதம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

3. வெளி உத்தரவால் முடக்கம்: காவல்துறை, வருமான வரித்துறை, நீதிமன்றம் போன்ற அமைப்பு கேட்டுக்கொண்டதால் வங்கி பணத்தை நிறுத்தி வைப்பது. இதில் உள்வகைகள் உண்டு. பணம் வரலாம், எடுக்க முடியாது என்றால் பற்று முடக்கம். இரண்டும் முடியாது என்றால் முழு முடக்கம். ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் பிடித்து வைத்து, மீதியைப் பயன்படுத்த விட்டால் அதற்கு 'லீன்' என்று பெயர்.

4. வங்கியின் சொந்த முடிவு: இந்த வாடிக்கையாளர் வேண்டாம் என்று வங்கியே கணக்கை முடிப்பது. ஆவணம் தராதது, ஆவணத்தில் சந்தேகம், சேமிப்புக் கணக்கில் வியாபாரப் பணம் புழங்குவது போன்றவை காரணமாக இருக்கலாம்.

வங்கி ஏன் வாய் திறப்பதில்லை?

கிளை ஊழியரின் திரையில் பெரும்பாலும் ஒரு குறியீடு மட்டுமே தெரியும். முடிவு எடுத்தது வேறு ஊரில் உள்ள ஒரு பிரிவு. அதனால் 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்வது பல நேரங்களில் உண்மை.

இன்னொரு காரணமும் உண்டு. 2002-ம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டப்படி, சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளை வங்கி நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் உண்மையான குற்றவாளி தப்பித்துவிடுவான் என்பதால் இந்த ஏற்பாடு. நேர்மையானவரும் இதில் மாட்டிக்கொள்வதுதான் சங்கடம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இப்படி ஒரு அறிக்கை அனுப்பியதை மட்டுமே காரணமாக வைத்துக் கணக்கின் மேல் கட்டுப்பாடு போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. விதிமுறையே சொல்கிறது. ஆகவே எல்லா மௌனத்துக்கும் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. கணக்கு எந்த நிலையில் இருக்கிறது, எந்த அமைப்பின் உத்தரவு, என்ன ஆவணம் தேவை என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எழுத்தில் கேளுங்கள்

கவுண்டரில் நின்று சத்தம் போட்டால் பதிவு எதுவும் இருக்காது. கடிதம் கொடுத்தால் இருக்கும். மாதிரி இதோ:

"ஐயா, எனது சேமிப்புக் கணக்கில் (எண்) (தேதி) முதல் பணம் எடுக்க இயலவில்லை. கீழ்க்கண்ட விவரங்களை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.
1. கணக்கின் தற்போதைய நிலை என்ன? செயலற்றதா, பற்று முடக்கமா, முழு முடக்கமா, லீனா, மூடப்பட்டதா? எந்தத் தேதி முதல்?
2. வேறு அமைப்பின் உத்தரவு என்றால் அந்த அமைப்பின் பெயர், கடித எண், தேதி, சம்பந்தப்பட்ட தொகை என்ன?
3. வங்கியின் முடிவு என்றால் எந்த விதியின் கீழ்? எனக்கு முன்னறிவிப்பு எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது?
4. நான் தர வேண்டிய ஆவணங்கள் எவை?
5. இருப்புத் தொகை எவ்வளவு? அது எனக்கு எப்படி, எப்போது கிடைக்கும்?"

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இதையே வங்கியின் இணைய தளத்தில் உள்ள புகார் பகுதியிலும் பதிவு செய்து புகார் எண் பெறுங்கள். அந்தப் பகுதியிலேயே நோடல் அதிகாரியின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பொதுத்துறை வங்கியாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் 10 ரூபாய் கட்டணத்தில் உங்கள் கணக்கு பற்றிக் கேட்கலாம்.

சம்பந்தமே இல்லாத ஊரில் இருந்து வரும் முடக்கம்

மூன்றாவது வகைதான் சமீப ஆண்டுகளில் சிறு வியாபாரிகளை அதிகம் வாட்டுகிறது. இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

எங்கோ ஒருவர் ஆன்லைன் மோசடியில் பணத்தை இழக்கிறார். உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்கிறார். அவருடைய பணம் முதலில் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது, அதற்கு அடுத்து எங்கே என்று படிப்படியாகத் தேடுகிறார்கள். வழியில் உள்ள கணக்குகள் நிறுத்தப்படுகின்றன. பணத்தை இழந்தவருக்கு இது பெரிய உதவி. ஆனால் மோசடிக்காரன் அந்தப் பணத்தில் உங்கள் கடையில் பொருள் வாங்கியிருந்தால், நீங்களும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிடுகிறீர்கள்.

கரூரில் செல்போன் உதிரிப் பொருள் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்கு இதுதான் நடந்தது. முன்பின் தெரியாத ஒருவர் 2,300 ரூபாய்க்கு ஹெட்போன் வாங்கி, யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்திவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்துக் கணக்கு முடங்கியது. உள்ளே இருந்தது 1,40,000 ரூபாய். சரக்குக் கொடுத்தவருக்குப் பாக்கி, மகளின் கல்லூரிக் கட்டணம் இரண்டுக்கும் அதைத்தான் நம்பியிருந்தார். கடைசியில் அத்தையின் வளையலை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டினார்கள்.

கிளையில் நான்கு நாள் அலைந்தும் பதில் இல்லை. மேலே சொன்ன மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுத்த ஒன்பதாவது நாள் பதில் வந்தது. வேறு மாநிலத்தில் பதிவான ஒரு சைபர் புகார், அதன் எண், பிரச்சினைக்குரிய தொகை 2,300 ரூபாய் என்று அதில் இருந்தது. நானும் மாமாவும் உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் தயாரித்தோம். ஹெட்போன் விற்ற பில்லின் நகல், அந்த வரவு உள்ள ஸ்டேட்மென்ட் பக்கம், கடையின் பதிவுச் சான்று, மாமாவின் அடையாள அட்டை ஆகியவற்றை ஸ்கேன் செய்து இணைத்தோம். அந்தக் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினோம். வாரம் ஒருமுறை நினைவூட்டினோம். ஆறு வாரம் கழித்து முடக்கம் நீங்கி, 2,300 ரூபாய்க்கு மட்டும் லீன் ஆக மாறியது. பில் புத்தகத்தில் அந்த ஒரு தாள் இல்லாமல் போயிருந்தால் இது இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

நீங்களும் இப்படிக் கேட்கலாம். சந்தேகத் தொகைக்கு மட்டும் லீன் போட்டு மீதியை விடுவிக்க வேண்டும் என்று எழுதுங்கள். தொகையைக் குறிப்பிடாமல் ஒருவரின் கணக்கு முழுவதையும் காலவரையின்றி முடக்கி வைப்பது சரியல்ல என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. 2023-ல் கேரள உயர் நீதிமன்றமும், யு.பி.ஐ. பணத்தால் முடங்கிய கணக்குகள் தொடர்பான வழக்கில், முடக்கத்தைச் சம்பந்தப்பட்ட தொகையோடு நிறுத்த வேண்டும் என்று கூறியது. காவல்துறை பதில் தராவிட்டால், வழக்கறிஞர் மூலம் மாஜிஸ்டிரேட் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். 'பணம் கொடுத்தால் முடக்கத்தை எடுத்துத் தருகிறேன்' என்று போனில் பேசுபவரை மட்டும் நம்பாதீர்கள்.

30 நாளில் பதில் இல்லையா?

வங்கியில் புகார் செய்து 30 நாட்கள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எல்லா வங்கிகளுக்கும் ஒரே இடத்தில் புகார் செய்யும் ஒருங்கிணைந்த முறை 2021 நவம்பரில் தொடங்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் 'சி.எம்.எஸ்.' என்ற இணைய தளத்தில் புகார் செய்ய வேண்டும். மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். வங்கியில் எந்தத் தேதியில் புகார் செய்தீர்கள், என்ன பதில் வந்தது என்று கேட்கும். சீல் வாங்கிய கடிதத்தை ஸ்கேன் செய்து அங்கே இணைத்துவிடுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் 14448 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். புகார் செய்யக் காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப் போட வேண்டாம்.

வங்கியிடம் கேட்காமல் நேராக இங்கே போனால் புகார் ஏற்கப்படாது. காவல்துறை போன்ற சட்ட அமைப்பின் உத்தரவால் ஏற்பட்ட முடக்கமும், வங்கியின் வியாபார ரீதியான முடிவும் குறைதீர்ப்பாளரின் வரம்புக்குள் வராது. அதனால் 'என் கணக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். முன்னறிவிப்பு தரவில்லை, இருப்புப் பணத்தைத் தரவில்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை என்று சேவைக் குறைபாட்டைத் தேதியோடு எழுதுங்கள். நஷ்ட ஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

உண்மையிலேயே மூடிவிட்டார்கள் என்றால்

வங்கி கணக்கை முடித்தாலும், யாரும் சட்டப்படி தடை போடாத வரை உள்ளே இருக்கும் பணம் உங்களுடையது. பே ஆர்டராகவோ, உங்கள் பெயரில் உள்ள வேறு கணக்குக்கு மாற்றியோ தரும்படி கேளுங்கள். கணக்கு முடிந்ததற்கான கடிதமும் கடைசி நாள் வரையிலான ஸ்டேட்மென்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பரிவர்த்தனை விவரங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வங்கி வைத்திருக்க வேண்டும். எனவே 'கணக்கே இல்லை, எப்படித் தருவது' என்று சொல்ல முடியாது.

பிறகு, அந்தக் கணக்கோடு இணைந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்:

* கடன் தவணை, இன்சூரன்ஸ், மியூச்சுவல் பண்ட் ஆகியவற்றுக்கான தானியங்கிப் பிடித்தம். மாற்றாவிட்டால் தவணை தவறி அபராதம் வரும்.
* சம்பளக் கணக்கு, பி.எப். கணக்கில் கொடுத்துள்ள வங்கி விவரம்.
* காஸ் மானியம் போன்ற அரசு உதவிகள். இவை ஆதாரோடு இணைந்த கணக்குக்குப் போகும். புதிய வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுக்க வேண்டும்.
* வருமான வரி ரீபண்டுக்காக வரித்துறை தளத்தில் பதிந்துள்ள கணக்கு.
* யாருக்காவது முன்தேதியிட்ட செக் கொடுத்திருந்தால் உடனே எழுத்தில் தெரிவித்து, வேறு வழியில் பணம் கொடுங்கள். 'கணக்கு மூடப்பட்டது' என்று திரும்பும் செக்கும் செக் மோசடிப் பிரிவான 138-ன் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் தீர்ப்பளித்துள்ளது.

இப்போதே கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

கணக்கு முடங்கும்போது நெட் பேங்கிங்கும் சேர்ந்து மூடிக்கொள்ளலாம். நமக்குச் சாட்சியாக உள்ள எல்லாமே அந்தப் பக்கத்துக்குள்தான் இருக்கும். ஆகவே திறந்திருக்கும்போதே ஒரு நகல் நம் கையில் இருக்க வேண்டும்.

1. டாக்குமென்ட்ஸ் போல்டரில் 'வங்கி' என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். அதற்குள் ஆண்டுக்கு ஒரு போல்டர்.

2. மாதம் ஒருமுறை ஸ்டேட்மென்டை பி.டி.எப். ஆக டவுன்லோட் செய்து அதில் போடுங்கள். பைலுக்கு '2025-04' என்பது போல ஆண்டு, மாதம் வரிசையில் பெயர் கொடுத்தால் தேடுவது சுலபம்.

3. டவுன்லோட் வசதி இல்லாத பக்கத்தில் கண்ட்ரோல் கீயோடு பி அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் 'பிரிண்ட் டு பி.டி.எப்.' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பக்கம் பைலாகச் சேமிக்கப்படும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த வசதி உண்டு.

4. திரையில் ஏதாவது பிழைச் செய்தி வந்தால் விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்திப் படம் பிடித்துச் சேமியுங்கள். தேதி தெரிய, டாஸ்க்பார் ஓரத்தையும் சேர்த்துப் பிடியுங்கள்.

5. விற்ற பொருளின் பில், வாடகை ரசீது, கடன் பத்திரம் போன்றவற்றின் ஸ்கேன் நகல்களையும் அங்கேயே வையுங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல இவைதான் உதவும்.

6. போல்டர் முழுவதையும் மாதம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி செய்து பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்ட், பின் எண் எதையும் இந்தப் போல்டரில் எழுதி வைக்காதீர்கள்.

7. வங்கியில் உள்ள முகவரி, மொபைல் எண், மின்னஞ்சல் மூன்றும் சரியா என்று ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள்.

8. வேறொரு வங்கியிலோ தபால் நிலையத்திலோ இரண்டாவது கணக்கு ஒன்று வைத்து, ஒரு மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தை அதில் போட்டு வையுங்கள். முதல் கணக்கு முடங்கினால் கடிதம் எழுதி, பதில் வரும்வரை காத்திருக்க இந்தப் பணம்தான் தெம்பு தரும். அந்த நேரத்தில் சம்பளத்தை நண்பரின் கணக்குக்கு வாங்குவது, முன்பின் தெரியாதவரின் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கி மாற்றிக் கொடுப்பது இரண்டும் வேண்டாம். இன்னொரு கணக்கும் முடங்க அதுவே காரணமாகலாம்.

முதல் முறை கடந்த ஓராண்டு ஸ்டேட்மென்டுகளைச் சேர்க்க அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு மாதம் ஐந்து நிமிடம் போதும்.